செம்புச் சுருள்

மருமகள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த மெல்லிய முனகல் சட்டென்று நின்றது.

குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. என் மகன் போனதிலிருந்து பகல் வேளையில் எங்கள் வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அந்தச் சில்லர் ஒன்றுதான். நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் பேசிக்கொள்வதில்லை. அது மட்டும் கண்ணாடித் தொட்டியின் கீழே இருந்துகொண்டு, தண்ணீரைக் குளிர்வித்தபடி, எங்களுக்கும் சேர்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும்.

போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. தொட்டிக்கு மேலே விளக்கு எரிந்தது, காற்றுக் குமிழிகள் வந்தன. மின்சாரம் இருக்கிறது, சில்லர்தான் இல்லை.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன். மேனேஜர் ரூம்ல குளுகுளு நின்னுபோச்சு."

மேனேஜர் என்பது ஆக்டோபஸ். என் கைக்குள் அடங்குகிற தலை. கைகளை முழுக்க நீட்டினால் ஒரு முழம்கூட வராது. மீன் இறங்குதுறையில் ஐஸ் அறையைப் பழுது பார்க்கப் போன என் மகன், வலையில் சிக்கி வந்ததை ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்தான். "நாள் பூரா பொந்துக்குள்ள உக்காந்துக்கிட்டு வர்றவன் போறவனை எல்லாம் முறைக்குது. ஒரு வேலையும் செய்றதில்ல. எங்க கம்பெனி மேனேஜர் அப்படியே" என்று அவனே பெயரும் வைத்தான். அதற்காகச் சம்பளத்தில் பாதியைக் கொட்டித் தொட்டி வாங்கினான், சில்லர் வாங்கினான், அது திறந்துகொண்டு வெளியே வராமலிருக்க மூடிக்கு நான்கு கொக்கி போட்டான். நண்டு கொடுத்தால் போர்வை போர்த்துவதைப் போல மேலே கவிந்து தின்னும். கோபம் வந்தால் செங்கல் நிறம். பயந்தால் வெள்ளை.

ஒரு பெரிய கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏசி மாட்டும்போது கால் தவறி அவன் விழுந்தான். அதன் பிறகு அவன் இடத்தில் அவன் மனைவி மேனேஜருக்கு நண்டு போட்டாள், தண்ணீர் மாற்றினாள், கண்ணாடி துடைத்தாள். எங்களிடம் பேசாததை எல்லாம் அதனிடம் பேசினாள்.

சில்லர் நின்ற நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அவளுடைய அண்ணன் வண்டியோடு வந்து நின்றான். நல்ல பையன்தான். "இவ வயசு என்னத்தை ஆச்சு? இன்னும் எத்தனை நாளைக்கு இங்கயே இருப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவள்தான் தொட்டியைக் காட்டிச் சொன்னாள்: "இது இருக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேண்ணா. அதுக்கப்புறம் வர்றேன்."

அவர் அப்போது தலையைத் தூக்கி அந்தத் தொட்டியைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. மகன் இருந்தவரை அதன் பக்கமே போனதில்லை. "வீட்டுக்குள்ள கருவாட்டுக் கடை வெச்சிருக்கான்" என்று திட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மேனேஜர் மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்த்தார்.

இப்போது அவர் வந்து, மண்டியிட்டு, சில்லரின் மேல் உள்ளங்கையை வைத்தார். டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"கம்ப்ரெஸர் போயிடுச்சு."

"கடைக்காரனுக்குப் போன் பண்ணுங்க."

பண்ணினார். ஆள் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை அறையில் ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

அவர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பதுபோல ஒரு சத்தம் போட்டார். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டுக்கெல்லாம் ஏசி மாட்டியவர். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. "வேலை பார்க்கிற இடத்துலதான் குளிர்ல சாகுறேன், வீட்டுலயுமா?" என்பார்.

வெயில் ஏற ஏறக் கூடம் கொதித்தது. ஃப்ரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். சற்று நேரத்தில் அவை எங்களைவிடச் சூடாகிவிட்டன. மேனேஜர் பொந்தை விட்டு வெளியே வந்து, மூடியருகே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. தலை வேகமாக உப்பி அடங்கியது. நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது.

எதிர்வீட்டுத் தையல்கார அம்மா ஊசி கடன் கேட்க வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னது, துவைச்சுப் போட்ட துணி மாதிரி வெளிறிப் போச்சு?"

"சூடு தாங்கலை அதுக்கு."

"நம்மளுக்கு மட்டும் தாங்குதாக்கும். ஏசிக்காரர் வீட்டுக்கு வந்திருந்தும் வேர்த்துச் சாகணும்னு அதுக்கு விதி" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

அவர் பின்கட்டுக்குப் போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகன் போன நாளிலிருந்து திறக்காத கருவி அறைக் கதவு.

கையில் கருவிப்பையோடு வந்தார். தோளில் ஒரு பழைய ஜன்னல் ஏசியின் உடல். மறு கையில், புதிதாகச் சுற்றிவைத்த செம்புக் குழாய்.

"என்னங்க பண்ணப் போறீங்க?"

"ஊர் உலகத்துக்கே குளிர வெச்சிருக்கேன். ஒரு கண்ணாடிப் பெட்டியைக் குளிர வைக்க முடியாதா எனக்கு?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேளு, கேளு."

கேட்டேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறையும் அடித்தது.

"எடுக்கலையா? விடு" என்றார். "வந்து பார்க்கட்டும். இந்த வீட்டுலயும் ஒண்ணைச் சரி பண்ண ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரியட்டும்."

அவர் வேலை செய்வதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. யார் யார் வீட்டிலோதானே செய்வார். அன்று முற்றத்தில் நின்று பார்த்தேன். குழாயை முழங்காலில் அணைத்து வளைத்தார். ஒரு வளையத்தின் மேல் அடுத்த வளையம், இடைவெளி விரல் அகலம்கூடப் பிசகாமல். நடுவில் குழாய் நசுங்கவே இல்லை. நெருப்பைக் காட்டி இணைப்புகளைப் பற்றவைத்தார். முகத்தில் வியர்வை வழிந்தது. துடைக்க நான் துண்டை நீட்டியபோது, "நீ தள்ளி நில்லுடி, பொறி படும்" என்றார். 'டி' போட்டு அவர் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

பிறகு சுருளை எடுத்து முற்றத்துக் குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி கழுவினார். அழுக்கு இருக்கக் கூடாது என்று பழைய பனியனால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அது புதுப்பாத்திரம் போல மின்னியது.

"பார்த்தியா? சாமிக்கே போடலாம்" என்றார்.

பழைய ஏசியின் கம்ப்ரெஸரை ஜன்னலுக்கு வெளியே வைத்து, குழாயை உள்ளே கொண்டுவந்து, சுருளைத் தொட்டியின் பின்மூலையில் இறக்கினார். ஸ்விட்சைத் தட்டினார். பெரிய இரைச்சல். ஆனால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் மெல்ல வேர்த்தது. உள்ளே குளிர்கிறது என்று அர்த்தம்.

மேனேஜரின் மூச்சு நிதானமானது. வெளுப்பு போய் மரப்பட்டை நிறம் வந்தது. கண்ணாடியை விட்டு இறங்கி, புதிதாக வந்திருக்கும் அந்தப் பளபளப்பை நோக்கிப் போயிற்று. ஒரு கையை நீட்டித் தொட்டது. இன்னொரு கை. வளையங்களுக்கு இடையே நுனியை விட்டு, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

"வேலையைச் செக் பண்றாருடி மேனேஜர்!" என்றார் அவர். சத்தமாகச் சிரித்தார். மூடியைத் திறந்து விரலை நீட்டினார். வழக்கமாக அவர் குனிந்தால் அது தண்ணீரைப் பீச்சி முகத்தில் அடிக்கும். அன்று அடிக்கவில்லை. ஒரு கையை நீட்டி அவர் விரலைச் சுற்றிக்கொண்டது.

அவர் அசையாமல் நின்றார். கண்ணில் தண்ணீர் கட்டியது.

அவரும் இப்போது இல்லை. அந்த மத்தியானத்தை மட்டும் யாராவது தனியாக வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தால், வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். அப்படி யாரும் கொடுப்பதில்லை. அதற்குப் பின்னால் சாயங்காலம் ஒட்டிக்கொண்டே வருகிறது.

சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். நான் துணி மடித்தேன். தொட்டிப் பக்கம் பார்த்தபோதெல்லாம் மேனேஜர் பொந்துக்குள் இருந்தது. நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்ததும் அவள் வந்தாள். வாசலிலேயே நின்று, "என்ன அத்தை சத்தம் இது?" என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையைச் சரி செய்துகொண்டார். "சில்லர் போயிடுச்சும்மா. பயப்படாதே. மாமா வேற செஞ்சு வெச்சிருக்கேன். போய்ப் பாரு."

அவள் பையோடு உள்ளே போனாள்.

பிறகு பை கீழே விழுந்த சத்தம். மூடியின் கொக்கிகள் படபடவென்று திறந்த சத்தம். நான் ஓடிப் போனபோது அவள் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சுருளை இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது.

"யாரைக் கேட்டு வெச்சீங்க? யாரைக் கேட்டு மாமா?"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மாமாவை எதிர்த்துக் குரல் உயர்த்தியதில்லை.

"குளிருக்குத்தாம்மா... சூட்டுல செத்துடும்னு..."

"காப்பர் மாமா! இது காப்பர்! உப்புத் தண்ணியில கரையும். கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு அது விஷம். துளி இருந்தாலே போதும்."

"நல்லாக் கழுவித்தாம்மா வெச்சேன். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். இவளைக் கேளு."

"கழுவினா போகாது மாமா. அது அழுக்கு இல்ல. அந்தப் பைப்பே அதுதான்."

அவள் பொந்துக்குள் கையை விட்டு மேனேஜரை வெளியே எடுத்தாள். அதை நான் தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். எட்டுக் கைகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, உடல் முழுக்கக் காகித வெள்ளை. அவள் உள்ளங்கையில் அது எதையும் பற்றிக்கொள்ளவில்லை. நழுவியது.

"அத்தை, டிரம்முல கலந்து வெச்ச தண்ணி இருக்கு. வாளியில பிடிங்க. சீக்கிரம்!"

வாரம் ஒருமுறை தொட்டியில் மாற்றுவதற்காக அவள் உப்புக் கலந்து வைத்திருக்கும் தண்ணீர். வாளியில் பிடித்தேன். அதில் அதை இறக்கி, காற்றுக் குழாயை உள்ளே விட்டாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வேலைக்குப் போட்டுப்போன வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவனுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டார் அவர். "எம் பையனுக்கு?"

"தெரியும் மாமா. அதனாலதான் சில்லரையே விலைக்கு வாங்கினார். இல்லன்னா அவருக்குச் செய்யத் தெரியாதா? வேலை விட்டு வந்தா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் மூடியைத் திறப்பாரே, பார்த்ததில்லையா? கையில காப்பர் தூள் ஒட்டியிருக்கும்னுதான்."

பார்த்திருக்கிறோம். இருவரும்தான் பார்த்திருக்கிறோம். "ஆபரேஷனுக்குப் போறாரு துரை" என்று இவர் கேலிகூடச் செய்திருக்கிறார். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அவர் மெதுவாகத் திரும்பி வெளியே போனார். ஸ்விட்சை அணைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தரையில் கிடந்த சுருளின் மேல் வெண்ணிறமாக உறைபனி படர ஆரம்பித்திருந்தது. எவ்வளவு சரியாகச் செய்திருந்தார். ஒரு இணைப்பில்கூடக் கசிவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் வாளிக்குள் குனிந்திருந்தாள். தலையின் ஓரத்தில் இருக்கும் சிறு குழல், மூச்சுக்கு ஒருமுறை திறந்து மூடும். அது நீண்ட நேரத்துக்கு ஒருமுறை திறந்தது. பிறகு இன்னும் நீண்ட நேரத்துக்கு ஒருமுறை. அவள் விரலை அதன் அருகே வைத்துக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை.

அவள் அழவில்லை. ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"போயிடுச்சாம்மா?" என்றேன்.

தலையசைத்தாள்.

அதே சமயம் செருப்புச் சத்தம். அவர் உள்ளே வந்தார். முகம் கழுவியிருந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை, நேரே வாளிக்கு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். யாரும் தடுக்கும் முன்பே விரலைத் தண்ணீருக்குள் விட்டார்.

"பிடிக்குது!" என்றார்.

நானும் பார்த்தேன். முறுக்கிக் கிடந்த ஒரு கையின் நுனி அசைந்தது. அதிலிருந்த சின்னச் சின்ன வட்டங்கள் அவர் விரலில் ஒட்டிக்கொண்டன.

"பாரும்மா, பிடிக்குதும்மா. விரலைப் பிடிக்குது. உயிர் இருக்கு, இல்ல? இருக்குல்ல?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த முகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"இருக்கு மாமா" என்றாள்.

"பொழைச்சுக்குமா?"

"பார்க்கலாம்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா. நீ சொல்லாம இனிமே எதையும் தொடமாட்டேன். நீ சொல்றதை மட்டும் செய்றேன்."

"புதுத் தண்ணி வேணும் மாமா. தொட்டியில இருக்கிறதை எல்லாம் கொட்டணும். முற்றத்துல காலி டிரம் இருக்கு. உப்பு மூட்டை படிக்குக் கீழே. வாளிக்கு ஒரு கிண்ணம். மரக்கட்டையால கலக்குங்க. இரும்பு கிரும்பு எதுவும் விடாதீங்க."

"மரக்கட்டை. சரி. இரும்பு கூடாது. சரிம்மா." விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு, வாளியைப் பார்த்து, "இருடா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மூட்டு வலிக்காரர். அன்று ஓட்டமாக ஓடினார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "நிஜமாவே உயிர் இருக்கா?"

"இல்ல அத்தை. கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படித்தான் பிடிக்கும். அதுக்குத் தலை செத்தது தெரியாது. உங்க பையன் சொல்லியிருக்கார்."

"பின்னே ஏம்மா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க. வேற என்ன சொல்லியிருக்கணும்?"

முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிண்ணம் கிண்ணமாக உப்பு விழும் சத்தம். அவளுடைய போன் ஒலித்தது. கீழே கிடந்த பையிலிருந்து எடுத்தாள். அண்ணன்.

"எடு" என்றேன்.

அவள் எடுத்தாள். அவன் பேசுவது எனக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமாக வருகிறானாம். வரட்டுமா என்று கேட்டான். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் என்றான். மேனேஜர் எப்படி இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவள் வாளியைப் பார்த்தாள். "வேலையா இருக்கேண்ணா. அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

வாளியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். காற்றுக் குழாயை மட்டும் எடுக்கவில்லை. துண்டுக்கு அடியில் குமிழிகள் உடையும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"உப்பு எல்லாம் கரைஞ்சுடுச்சும்மா" என்று முற்றத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார். மூச்சு வாங்கியது. "போதுமா? இன்னும் கலக்கணுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கலக்குங்க மாமா."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சரிம்மா" என்றார் அவர். மரக்கட்டை டிரம்மின் பக்கங்களில் இடிக்க இடிக்க, மறுபடியும் கலக்கத் தொடங்கினார்.